பேச்சும் நடத்தையும் வர்க்கமும்: பெர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஜார்ஜ் பெர்னாட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம், பேச்சை மாற்றினால் ஒருவரின் சமூகத் தகுதியை மாற்றிவிடலாம் என்பதை மெய்ப்பிக்கும் நாடகமாகவே பெரிதும் அறியப்பட்டுள்ளது. நாடகத்தின் பாத்திர அமைப்பை உற்றுநோக்கினால் இக்கருத்து பாதி உண்மை என்பது புலனாகிறது. பேச்சு, நடத்தை, பொருள்வளம் ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் அமைந்த நான்கு தரப்பினரை ஷா அருகருகே நிறுத்துகிறார். அவர்களை ஒப்பிட்டு, பேச்சும் நடத்தையும் வர்க்கத்தின் வாயிலைத் திறக்கின்றனவேயன்றி உள்ளே நிலைத்திருக்கும் வழியைத் தருவதில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிக்மேலியன், பெர்னாட் ஷா, பேச்சுவழக்கு, ஒலியியல், நடத்தை, வர்க்கம்.

முன்னுரை

ஒருவர் வாய் திறந்த மாத்திரத்தில் அவர் எங்குப் பிறந்தார், எத்தகைய குடும்பத்தில் வளர்ந்தார் என்பதைக் கேட்போர் கணித்துவிடுகின்றனர். வாய்ச்சொல் குடிப்பிறப்பைக் காட்டும் என்னும் எண்ணம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளின் ‘குடிமை’ அதிகாரத்திலேயே அது இடம்பெற்றுள்ளது. குறள் இதனை நற்பண்பின் அடையாளமாகக் கொள்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஓர் ஆங்கில நாடகம் இதே எண்ணத்தை எடுத்துக்கொண்டு வேறொரு வினாவை எழுப்பியது. சொல் குடிப்பிறப்பைக் காட்டுமெனில், சொல்லைக் கற்றுக்கொண்டவருக்கு அக்குடிப்பிறப்பு கிட்டுமா? இவ்வினாவே ‘பிக்மேலியன்’ நாடகத்தின் கரு.

இந்நாடகம் முதன்முதலாக 1913 அக்டோபரில் வியன்னா நகரில் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் மேடையேறியது. 1914 ஏப்ரலில் இலண்டனில் ஆங்கிலத்தில் நிகழ்த்தப்பட்டபோது, மலர் விற்கும் பெண் எலைசா டூலிட்டிலாகத் திருமதி பாட்ரிக் காம்பெலும், ஒலியியல் பேராசிரியர் ஹென்றி ஹிக்கின்ஸாக ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீயும் நடித்தனர். நாடகத்தின் பெயர், தான் செதுக்கிய சிலையின்மீதே காதல் கொண்ட சிற்பியைப் பற்றிய பழங்கதையிலிருந்து எடுக்கப்பட்டது. அச்சிற்பியின் இடத்தில் ஷா ஓர் ஒலியியல் அறிஞரை வைத்தார். கல்லின் இடத்தில் உயிருள்ள ஓர் ஏழைப்பெண்ணை வைத்தார். இந்த இடமாற்றத்திலேயே நாடகத்தின் முரண் தொடங்கிவிடுகிறது. சிலைக்கு ‘இனி நான் என்ன ஆவேன்?’ என்று கேட்கத் தெரியாது, எலைசா கேட்கிறாள்.

பின்புலம்: ஒலியியலும் புதிய நடுத்தர வர்க்கமும்

ஷா 1856இல் டப்ளினில் பிறந்து 1876இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். அயர்லாந்தின் ஒலிப்போடு இலண்டனில் வாழ்ந்த அவருக்கு, ஆங்கிலேயர் ஒருவரையொருவர் பேச்சால் எடைபோடும் வழக்கத்தை வெளியிலிருந்து காணும் வாய்ப்பு இருந்தது. அக்காலத்தில் ஒலியியல் ஓர் அறிவியல் துறையாக உருப்பெற்றுக்கொண்டிருந்தது. அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஹென்றி ஸ்வீட்டைப் பற்றி நாடகத்தின் முன்னுரையில் ஷா விரிவாகப் பேசுகிறார். ஹிக்கின்ஸ் பாத்திரம் ஸ்வீட்டின் நேர்ப்படம் அன்று என்று கூறினும், அவருடைய சாயல்கள் அதில் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை.

1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப் பின்னர் இங்கிலாந்தில் தொடக்கக் கல்வி பரவலாயிற்று. எழுத்தறிவு பெற்ற உழைக்கும் மக்களின் பிள்ளைகள் எழுத்தர்களாகவும் கடைப் பணியாளர்களாகவும் ஆயினர். சிலர் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினர். அவர்களின் எழுத்தில் பிறப்பின் சுவடு தெரியவில்லை, பேச்சில் தெரிந்தது. சொல்லின் முதலில் வரும் ஹகர ஒலியை விட்டுவிடுவதும், உயிரொலிகளை இலண்டன் கிழக்குப்பகுதி மக்களின் காக்னி வழக்கில் திரித்து ஒலிப்பதும் உயர்குடியினரின் செவிகளில் உடனே பட்டன. எளிய புறநகரில் ஆண்டுக்கு 80 பவுண்டு வருவாயோடு தொடங்கிச் செல்வர் வாழும் தெருவில் ஓர் இலட்சத்தோடு முடிப்பவர்கள், வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள் என்று முதல் அங்கத்தில் ஹிக்கின்ஸ் விளக்குகிறார். அவருடைய தொழிலே அந்த அச்சத்தின்மீது எழுந்தது.

செவியும் கண்ணும்: முதல் அங்கம்

மழை பெய்யும் இரவில், கோவென்ட் கார்டனின் தேவாலய முகப்பில் பல தரத்து மக்களும் ஒதுங்கி நிற்கின்றனர். ஹிக்கின்ஸ் எலைசாவின் பேச்சைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். அவளோ அவரைக் காவல்துறையின் ஆள் என்று அஞ்சி, தான் மானமுள்ள பெண் என்று அழுகிறாள். தெருவில் நின்று ஓர் ஆடவரோடு பேசியதற்காகவே ஏழைப்பெண் ஒருத்தி குற்றம் சாட்டப்படக்கூடும் என்னும் நிலை அந்த அழுகையின் பின்னே இருக்கிறது.

இக்காட்சியில் கருதத்தக்க ஒரு சிறு நிகழ்வு உண்டு. குறிப்பெடுப்பவர் காவலர் அல்லர், கனவான் என்பதைக் கூட்டத்தில் ஒருவர் அவருடைய காலணிகளைப் பார்த்துக் கண்டறிகிறார். ஹிக்கின்ஸ் செவியால் செய்வதை அந்த எளிய மனிதர் கண்ணால் செய்கிறார். வர்க்கத்தை இனங்காண்பது அறிஞரின் தனிக்கலை அன்று. அச்சமூகத்தில் ஒவ்வொருவரும் அன்றாடம் பயிலும் கலை. எளியோருக்கு அது தற்காப்புக்கும் தேவைப்படுகிறது.

எலைசாவின் பேச்சை ஒலி பிசகாமல் எழுத்தில் பதிக்கத் தொடங்கிய ஷா, சில வரிகளுக்குப் பின்னர் அம்முயற்சியைக் கைவிடுகிறார். இலண்டனுக்கு வெளியே அது எவருக்கும் புரியாது என்பது அவர் கூறும் காரணம். ஆங்கில நெடுங்கணக்கு பேச்சொலிகளைக் காட்டத் தகுதியற்றது என்னும் அவருடைய வாழ்நாள் கொள்கைக்கு இதுவே ஒரு சான்றாகிறது.

ஒலிப்பு வேறு, பேச்சு வேறு: மூன்றாம் அங்கம்

மறுநாள் எலைசா தானே ஹிக்கின்ஸின் வீடு தேடி வருகிறாள். கடையில் மலர் விற்கும் வேலை கிடைக்கவேண்டும். தன் பேச்சைக் கேட்டு எவரும் அவ்வேலை தரமாட்டார்கள். ஆகவே கட்டணம் கொடுத்துக் கற்க வந்திருக்கிறாள். அவள் தர முன்வரும் ஒரு ஷில்லிங் அவளுடைய ஒருநாள் வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு என்றும், கோடீசுவரர் ஒருவர் 60 பவுண்டு தருவதற்கு அது ஒப்பாகும் என்றும் ஹிக்கின்ஸ் கணக்கிடுகிறார். அவள் கேட்டது ஒரு தொழிலுக்கான தகுதி. அவரும் கர்னல் பிக்கரிங்கும் பந்தயமாக்கியதோ அவளைக் கோமகளாகக் காட்டும் வித்தையை. நாடகத்தின் துயரம் இந்த இடைவெளியில் பிறக்கிறது.

பயிற்சியின் இடையில் ஹிக்கின்ஸின் தாயாருடைய வரவேற்பறைக்கு எலைசா அழைத்துவரப்படுகிறாள். அவளுடைய ஒலிப்பில் குற்றமில்லை. வானிலையைப் பற்றிக் கேட்டபோது வானிலை அறிக்கையைப் போலத் துல்லியமாக விடையிறுக்கிறாள். பின்னர் தன் அத்தையின் மரணத்தைப் பற்றியும், அவளுடைய தொப்பியைத் திருடியவர்களே அவளைத் தீர்த்துக்கட்டியிருக்கவேண்டும் என்னும் ஐயத்தைப் பற்றியும், குடும்பத்தின் மதுப்பழக்கத்தைப் பற்றியும் அதே பிழையற்ற ஒலிப்பில் பேசுகிறாள். விடைபெறும்போது அவள் உதிர்க்கும் கொச்சையான வசைச்சொல் 1914இல் இலண்டன் அரங்கையே அதிரவைத்தது.

இங்கு ஷா ஒரு நுட்பமான வேறுபாட்டை வெளிப்படுத்துகிறார். ‘எப்படி ஒலிப்பது’ என்பதைச் சில மாதங்களில் கற்பிக்கலாம். ‘எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது’ என்பது வாழ்ந்து பழகியதால் வருவது. ஒலிப்பில் தவறில்லை, பேசும் பொருளே அவளைக் காட்டிக்கொடுக்கிறது என்பதைத் தாயார் உணர்ந்து கூறுகிறார்.

ஆயினும் எலைசா அம்பலப்படவில்லை. அங்கிருந்த ஐன்ஸ்ஃபோர்டு ஹில் குடும்பத்தினர் அவளுடைய சொற்களைப் புதிய பாணி உரையாடல் என்று எண்ணுகின்றனர். மகள் கிளாரா அந்த வசைச்சொல்லைத் தானும் எடுத்தாளத் தொடங்குகிறாள். மழை இரவில் அதே குடும்பத்தினரிடம்தான் எலைசா மலர் விற்றாள். அவளிடம் மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்குமாறு தாயைத் தூண்டியவளும் கிளாராவே. உடையும் ஒலிப்பும் மாறியதும் அதே முகத்தை அவர்களால் அடையாளம் காண இயலவில்லை. சொல்லின் தகுதி அச்சொல்லில் இல்லை, சொல்பவரைப் பற்றிக் கேட்போர் கொண்ட எண்ணத்தில் இருக்கிறது என்பதை இக்காட்சி நகைச்சுவையாக நிறுவுகிறது.

1938இல் வெளிவந்த திரைப்படத்திற்காக ஷா எழுதி, 1941ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த தூதரக விருந்துக் காட்சியும் இவ்வகையில் கருதத்தக்கது. ஹிக்கின்ஸிடம் முன்னர்ப் பயின்ற மொழியறிஞர் ஒருவர் எலைசாவின் ஆங்கிலத்தைக் கேட்டு, அவள் ஆங்கிலேயப் பெண்ணே அல்லள், ஹங்கேரிய இளவரசி என்று அறுதியிட்டுக் கூறுகிறார். ஆங்கிலேயர் எவரும் அத்துணைப் பிழையின்றிப் பேசுவதில்லை என்பது அவர் கண்ட காரணம். பிறப்பால் உயர்குடியினராக இருப்போர் பிழைபடப் பேசலாம். வெளியிலிருந்து வருபவர்தாம் பிழையின்றிப் பேசக் கடமைப்பட்டவர்.

நான்கு தரப்பினர்: ஓர் ஒப்பீடு

நாடகத்தின் பாத்திரங்களைப் பேச்சு, நடத்தை, பொருள்வளம் என்னும் மூன்று அளவுகோல்களால் நோக்கினால் தெளிவானதோர் ஒழுங்கு புலப்படுகிறது.

முதலாமவர் ஹிக்கின்ஸ். அவரிடம் செம்மையான பேச்சும் போதிய வருவாயும் உண்டு, நல்நடத்தை இல்லை. வசைச்சொற்களைத் தவிர்க்குமாறும், மேலங்கியில் கையைத் துடைக்காதிருக்குமாறும் வீட்டுப் பொறுப்பாளர் திருமதி பியர்ஸ் அவரிடம் மன்றாடுகிறார். விருந்தினர் வரும் நாளில் தம் வீட்டுக்கு வராதிருக்குமாறு தாயாரே கேட்டுக்கொள்கிறார். ஆயினும் அவர் கனவானாகவே கருதப்படுகிறார். எலைசா சொன்னால் அம்பலப்படுத்தக்கூடிய அதே வசைச்சொல் அவர் வாயில் அறிஞரின் விசித்திர இயல்பாக மன்னிக்கப்படுகிறது.

இரண்டாவது தரப்பு ஐன்ஸ்ஃபோர்டு ஹில் குடும்பம். அவர்களிடம் பேச்சும் நடத்தையும் உண்டு, பொருள் இல்லை. விருந்துகளுக்குச் செல்ல இயலாமல், வேலைக்குச் செல்லவும் நாணி, பழம்பெருமையைக் காத்துக்கொண்டு வாழ்கின்றனர். மகன் ஃப்ரெட்டிக்கு எத்தொழிலும் தெரியாது. கற்ற பழக்கவழக்கங்களே அவர்கள் கைகளைக் கட்டிவைத்திருக்கின்றன.

மூன்றாமவர் எலைசாவின் தந்தை ஆல்ஃபிரட் டூலிட்டில். குப்பை அள்ளும் தொழிலாளியான அவர், மகளை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக ஐந்து பவுண்டு கேட்கிறார். பத்து பவுண்டு தர முன்வந்தபோது, அத்தொகை மனிதனை முன்யோசனை உள்ளவனாக்கி மகிழ்ச்சியைக் கெடுத்துவிடும் என்று மறுக்கிறார். பின்னர் ஹிக்கின்ஸ் வேடிக்கையாக எழுதிய ஒரு கடிதத்தின் விளைவாக, அமெரிக்கச் செல்வர் ஒருவரின் உயிலின்படி ஆண்டுக்கு 3000 பவுண்டு வருவாய் அவரை வந்தடைகிறது. அவர் ஓர் ஒலியையும் மாற்றிக்கொள்ளவில்லை, எவரிடமும் பயிலவில்லை. ஆயினும் ஒரே நாளில் நடுத்தர வர்க்கத்தினர் ஆகிவிடுகிறார். முன்பு மருத்துவமனையிலிருந்து விரைந்து வெளியேற்றிய மருத்துவர்கள் இப்போது அவருக்கு நோய் இருப்பதாகக் கண்டறிகின்றனர். இல்லாதிருந்த உறவினர்கள் முளைக்கின்றனர். நடுத்தர வர்க்க ஒழுக்கத்திற்கு அஞ்சி, இதுகாறும் மணம் செய்யாமல் உடன் வாழ்ந்த பெண்ணை மணக்கவேண்டியும் வருகிறது. இங்குப் பணம் முதலில் வருகிறது. நடத்தை அதன் பின்னே இழுபட்டு வருகிறது.

நான்காமவள் எலைசா. பேச்சையும் நடத்தையையும் முழுமையாகக் கற்றுக்கொண்டவள். அவற்றைத் தாங்கும் பொருள் அவளிடம் ஒரு காசளவும் இல்லை. ஹிக்கின்ஸுக்கு நடத்தையும் டூலிட்டிலுக்குப் பேச்சும் இல்லாதது பொறுத்துக்கொள்ளப்படுகிறது. பொருள் இல்லாதவர்களோ மற்ற இரண்டும் இருந்தும் தவிக்கின்றனர். ஷா இதை எங்கும் வெளிப்படையாக அறிவிக்கவில்லை. பாத்திரங்களை அருகருகே நிறுத்துவதன் வாயிலாகக் காட்டுகிறார்.

வெற்றிக்குப் பின்: நான்காம் அங்கம்

பந்தயம் வென்ற நள்ளிரவில் ஹிக்கின்ஸும் பிக்கரிங்கும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கின்றனர். எலைசாவை எவரும் பாராட்டவில்லை. அவள் ஹிக்கின்ஸின் செருப்புகளை அவர்மீதே வீசுகிறாள். பிறகு அவள் கேட்கும் கேள்வி கவனத்திற்குரியது. தான் அணிந்திருக்கும் உடைகள் தனக்குச் சொந்தமா, பிக்கரிங்குக்குச் சொந்தமா? திருட்டுக் குற்றம் சாட்டப்படாமல் எவற்றைத் தன்னுடன் எடுத்துச் செல்லலாம்?

கோமகளாக வலம்வந்த அதே இரவில் அவள் அஞ்சுவது இதற்குத்தான். முதல் அங்கத்தில் மழையில் நனைந்து நின்ற பெண்ணின் அச்சம் பட்டாடைக்குள்ளும் மாறாமல் இருக்கிறது. எவரேனும் மணமகனைத் தம் தாயார் தேடித்தரக்கூடும் என்று ஹிக்கின்ஸ் கூறும்போது, தெருவில் நின்ற நாளில் தான் மலர்களை விற்றதாகவும் தன்னை விற்றதில்லை என்றும், சீமாட்டியாக்கப்பட்ட பிறகு வேறெதையும் விற்கத் தகுதியற்றவளாகிவிட்டதாகவும் அவள் உணர்த்துகிறாள். பழைய தொழிலுக்குத் திரும்பவும் இயலாது, புதிய நிலையில் பிழைக்கவும் வழியில்லை. பேச்சுப் பயிற்சியை நல்லெண்ணத் தொண்டாக மட்டும் கருதுவோர் விடைகாண வேண்டிய வினா இதுவே.

நடத்துதலே நடத்தை: ஐந்தாம் அங்கம்

ஐந்தாம் அங்கத்தில் எலைசா தன் கல்வி தொடங்கிய கணத்தைக் குறிப்பிடுகிறாள். ஹிக்கின்ஸின் வீட்டுக்கு முதன்முதல் வந்த நாளில் பிக்கரிங் அவளை ‘செல்வி டூலிட்டில்’ என்று அழைத்தார், அவளைக் கண்டு எழுந்து நின்றார், தொப்பியைக் கழற்றினார், கதவைத் திறந்துவிட்டார். ஹிக்கின்ஸ் தந்த ஒலிப்புப் பயிற்சி நடனம் கற்பதைப் போன்றதோர் உத்தி; தன்மதிப்பைத் தந்தவை பிக்கரிங்கின் சிறுசெயல்களே. மலர் விற்பவளுக்கும் சீமாட்டிக்கும் உள்ள வேறுபாடு அவள் நடந்துகொள்ளும் விதத்தைக் காட்டிலும் அவள் நடத்தப்படும் விதத்தில் உள்ளது என்பது அவள் கண்டறிந்த உண்மை.

தாம் கோமகளையும் மலர்க்காரியையும் ஒரே விதமாக நடத்துவதாக ஹிக்கின்ஸ் வாதிடுகிறார். வடிவத்தில் இது சமத்துவமே. எனினும் கோமகளிடம் காட்டும் கடுமையால் கோமகள் இழப்பது ஒன்றுமில்லை. மலர்க்காரியிடம் காட்டும் அதே கடுமை உலகம் அவளுக்கு நாள்தோறும் தருவதன் தொடர்ச்சி. பிக்கரிங் அனைவரையும் உயர்ந்தோராக நடத்துகிறார். ஹிக்கின்ஸ் அனைவரையும் தாழ்ந்தோராக நடத்துகிறார். இரண்டையும் ஒன்றெனக் கொள்ள இயலாது.

தன் பழைய மொழியை மறந்துவிட்டதாக எலைசா சொல்லி முடிப்பதற்குள், மணக்கோலத்தில் தந்தை வந்து நிற்கிறார். அவரைக் கண்டதும் அவளையறியாமல் பழைய கூக்குரல் வெளிப்படுகிறது. கற்ற ஒலிப்பு மேலே படிந்ததோர் அடுக்கு என்பதையும், கீழேயுள்ள மொழி அழிவதில்லை என்பதையும் இந்த ஒரு கூக்குரல் காட்டிவிடுகிறது.

நாடகத்தின் உண்மையான திருப்பம் இதற்குப் பின்னரே நிகழ்கிறது. தனக்குக் கற்பிக்கப்பட்டதைத் தானே பிறருக்குக் கற்பிக்க முடியும் என்பதை எலைசா உணர்கிறாள். ஆறு மாதங்களில் எவரையும் கோமகளாக்குவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்து, அதற்கு ஆயிரம் கினி கட்டணம் பெறப்போவதாக அறிவிக்கிறாள். ஒரு ஷில்லிங்கோடு வந்தவள் ஆயிரம் கினி கேட்கும் ஆசிரியராகத் தன்னை எண்ணிப்பார்க்கும் அக்கணத்தில்தான் ஹிக்கின்ஸ் அவளைத் தமக்கு நிகரானவளாக மதிக்கிறார். அதுவரை அவளுடைய பேச்சு பிறர் சூட்டிய அணிகலன். இப்போது அது அவள் கையிலுள்ள தொழில்.

முடிவும் பின்னுரையும்

முதல் இலண்டன் அரங்கேற்றத்தின்போது ட்ரீ, திரை விழுமுன் எலைசாவை நோக்கி மலர்களை வீசிக் காதல் முடிவை உணர்த்தியது ஷாவுக்குச் சினமூட்டியது. 1916இல் நூலாக வெளியிட்டபோது அவர் உரைநடையில் ஒரு பின்னுரையைச் சேர்த்தார். அதில் எலைசா ஃப்ரெட்டியை மணக்கிறாள். பிக்கரிங்கின் பொருளுதவியோடு இருவரும் மலர்க்கடை தொடங்குகின்றனர். நல்ல பேச்சும் நல்ல நடத்தையும் இருந்தும் கடை உடனே செழிக்கவில்லை; கணக்கெழுதவும் வணிகம் நடத்தவும் அவர்கள் வகுப்புகளுக்குச் சென்று கற்கவேண்டியிருந்தது. கிளாராவும் பழம்பெருமையை விட்டு ஒரு கடையில் வேலைக்குச் செல்கிறாள். காதல் முடிவை எதிர்பார்த்தோருக்குச் சுவையற்றதாகத் தோன்றும் இப்பின்னுரை, நாடகத்தின் வினாவுக்கு ஷா தந்த நேரடி விடையாகும். இரண்டாம் அங்கத்தில் எலைசா கேட்டது மலர்க்கடையே. நெடுவழி சுற்றி அவள் வந்துசேர்வதும் அங்கேதான்.

தொகுப்புரை

சொல் பிறப்பைக் காட்டும் என்னும் நம்பிக்கையை ‘பிக்மேலியன்’ இரு வகையில் அசைக்கிறது. சொல்லைக் கற்கலாம் என்பதால் அது பிறப்புக்கு உறுதியான சான்று ஆவதில்லை. கற்றவருக்கு உயர்நிலை கிட்டிவிடும் என்பதற்கும் அது உறுதி ஆவதில்லை. செம்மையான பேச்சு எலைசாவைத் தூதரகத்தின் படிகளில் ஏற்றியது; மறுநாள் உண்பதற்கு வழி தரவில்லை. அவள் காலூன்றி நிற்பதற்கு வேறு இரண்டு தேவைப்பட்டன. ஒன்று, பிறர் அவளை மதிப்போடு நடத்துவது. மற்றொன்று, கற்றதைத் தன் சொந்தப் பிழைப்பாக்கிக்கொள்வது. மொழிப்பயிற்சியின் மூலம் எளியோரை உயர்த்த முனையும் எந்தச் சமூகமும், அவர்களுக்கு எதைக் கற்பிக்கிறோம் என்பதோடு, கற்று முடித்த மறுநாள் அவர்கள் எங்கே செல்வர் என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும் என்பதே இந்நாடகம் உணர்த்தும் முடிவாகக் கொள்ளத்தக்கது.